ரோடு வளையும், ரயில் வளையாது

சிவகிரி வழியாகப் போகும் ரோட்டுக்கு நம்பர் 744. திருமங்கலத்தில் ஆரம்பித்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மலையை ஒட்டியே வரும். புளியரையில் மலை ஏறி, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளாவுக்குள் இறங்கி, கொல்லத்தில் போய் முடியும். குற்றாலம் சீசனுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படியே பாலருவி, தென்மலை என்று இந்த ரோட்டில்தான் வண்டியை விடுவாங்க. தென்மலைக்குக் கொஞ்சம் முன்னால், கழுதுருட்டி பக்கத்தில், ரோட்டை ஒட்டி ஒரு கருங்கல் பாலம் நிற்கும். பதிமூணு வளைவு. மேலே ரயில் தண்டவாளம். மலையாளத்தில் பதிமூணு கண்ணற, நம்ம ஆளுங்க வாயில் பதிமூணு கண் பாலம்.

அங்கே இறங்கி போட்டோ எடுக்காத சிவில் மாணவர் யாரும் இருக்க மாட்டீங்க. ஆனால் அந்த போட்டோவிலேயே ஒரு கேள்வி இருக்கு. அதே பள்ளத்தாக்கு, அதே மலை. ரோடு கீழே தரையோடு தரையாகப் போகுது. ரயில் மட்டும் ஏன் இவ்வளவு கல்லைச் செதுக்கி, வளைவு கட்டி, மேலே போகணும்?

பதில் சுலபம். ரோடு வளையும், ஏறும், இறங்கும். ரயிலால் அது முடியாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது உருளும்போது வரும் தடையும் ரொம்பக் குறைவு, பிடிமானமும் ரொம்பக் குறைவு. தடை குறைவு என்பதால்தான் ஒரு என்ஜின் ஐம்பது வேகனை இழுக்க முடியுது. பிடிமானம் குறைவு என்பதால்தான் செங்குத்தான ஏற்றத்தில் அதே என்ஜின் திணறுது. சமவெளியில் நெடுஞ்சாலைக்கு 30-க்கு 1 என்ற சரிவு சாதாரணம், மலையில் 20-க்கு 1 வரை போகலாம். மெயின் லைன் ரயிலுக்கு 100-க்கு 1 என்றாலே கொஞ்சம் ஏற்றம்தான். மலைப்பாதையில் அதைவிடச் செங்குத்தாகப் போடுவாங்க, ஆனா அதுக்குக் கூடுதல் என்ஜின், குறைந்த வேகம் என்று விலை கொடுக்கணும். வளைவும் அப்படித்தான். புளியரை மலைரோட்டில் பஸ் திரும்புற மாதிரி ஒரு ரயிலைத் திருப்ப முடியாது.

இந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா, இந்தக் கட்டுரையின் விஷயம் பாதி புரிஞ்ச மாதிரி. அந்த விஷயம் இதுதான்: ரோடும் ரயிலும் சேர்ந்து போகிற ஒரு பெரிய வளைவுப் பாலத்துக்கு எப்படித் திட்டம் போடுவாங்க?

முதலில் வளைவு

நம்ம பக்கத்தில் வளைவுப் பாலம் புதுசு இல்ல. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணி மேல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்த பாலம் 1843-ஐச் சேர்ந்தது. அதில் 11 வளைவு. தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட திறப்பைத் தமிழில் 'கண்' என்று சொல்றது எவ்வளவு பொருத்தம் பாருங்க. ஸ்பான் என்ற சொல்லைவிட எனக்கு இது பிடிக்கும்.

கல்லை அமுக்கினால் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். ஒரு நீளமான கல்லைப் பலகை மாதிரி குறுக்கே வைத்து மேலே எடை ஏற்றினால், அதன் அடிப்பக்கம் இழுபடும், உடையும். அதே கல்லைத் துண்டு துண்டாக்கி வளைவாக அடுக்கினால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அமுக்கும். எங்கேயும் இழுப்பு வராது. அதற்கு ஒரு விலை உண்டு: வளைவு தன் இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக உதைக்கும். இரண்டு சீட்டுகளை ஒன்றோடு ஒன்று சாய்த்து மேஜையில் நிறுத்திப் பாருங்க, மேஜை வழவழப்பாக இருந்தால் கால் விரிஞ்சு விழுந்துடும். அந்த விரிவைத் தடுக்கும் ஒரு கெட்டியான இடம் வளைவுக்குத் தேவை.

பதிமூணு கண் பாலத்தில் இது அழகாகத் தீர்ந்திருக்கு. நடுவில் இருக்கும் ஒவ்வொரு தூணையும் இடதுபக்க வளைவு வலப்பக்கமாகவும், வலதுபக்க வளைவு இடப்பக்கமாகவும் தள்ளும். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கடைசி இரண்டு உதைப்பை மட்டும் இரு முனையிலும் இருக்கும் கட்டுமானமும் மலையும் வாங்கிக்கொள்ளும். 1904-ல் இந்தப் பாதையில் மீட்டர்கேஜ் ரயில் ஓட ஆரம்பித்தது. செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர். பிராட்கேஜ் வேலைக்காக 2010-ல் புனலூர்–செங்கோட்டைப் பகுதியை மூடினாங்க, 2018-ல் மறுபடி திறந்தாங்க. அந்தப் பாலத்தை இடிக்கல. பலப்படுத்தி அதன் மேலேயே இன்னிக்கு அகலப்பாதை ரயில் போகுது. இதற்குப் பெரிய காரணம் பாலத்தின் சொந்த எடை. பாலமே கனமாக இருப்பதால், மேலே போகிற ரயிலின் எடை மொத்தத்தில் சின்னப் பங்குதான்.

ஆனால் பதிமூணு சின்னக் கண்ணுக்குப் பதிலாக ஒரே பெரிய கண் வேணும்னா? கீழே கப்பல் போகணும், தூண் நடவே இடமில்லைன்னா? அப்பத்தான் ஆட்டம் மாறும்.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணின் நீளம் 500 மீட்டர், வளைவின் உயரம் 100 மீட்டர், மீட்டருக்கு 10 டன் சமமாகப் பரவிய எடை என்று வைங்க. பரவளைவுக்கு நீங்க படிச்ச சூத்திரம்தான்: எடையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்கணும். 10 × 500 × 500 ÷ 800. பக்கவாட்டு உதைப்பு 3,125 டன். உயரத்தை 50 மீட்டராகக் குறைச்சீங்கன்னா உதைப்பு இரண்டு மடங்கு, 6,250 டன். தட்டையான வளைவு பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனா கரையில் இருக்கும் பாறை அதுக்கு விலை கொடுக்கும். பாறையே இல்லாத கரை என்றால் பேச்சே இல்ல.

ரயில் ஏறும்போது

இப்போ ரயிலை ஏத்துவோம். ஆக்ஸிலுக்கு 25 டன் என்று டிசைன் பண்ணிய நாலு ஆக்ஸில் சரக்கு வேகன் முழு லோடில் 100 டன். நீளம் சுமார் 11 மீட்டர். அதாவது மீட்டருக்கு 9 டன், இடைவெளியே இல்லாமல், அரை கிலோமீட்டருக்கு மேல் தொடர்ச்சியாக. லாரியில் அதிகபட்சமாக அனுமதிக்கப்பட்ட 55 டன் டிரெய்லரே மீட்டருக்கு 3 டன் சுமார்தான் வரும். அதுவும் முன்னாடி பின்னாடி இடம் விட்டுத்தான் ஓடும்.

எடையைவிடப் பெரிய தலைவலி, அந்த எடை பாதிப் பாலத்தில் மட்டும் நிற்கும் நேரம். வளைவுக்குச் சமமாகப் பரவிய எடைன்னா கொண்டாட்டம், முழுக்க அமுக்கம்தான். ரயில் உள்ளே வந்து நடுப்பகுதியை அடையும் அந்த நொடியில், ஒரு பாதி முழு லோடில் இருக்கு, மறுபாதி சும்மா இருக்கு. லோடு உள்ள பக்கம் கீழே அமுங்கும், காலிப் பக்கம் மேலே புடைக்கும். மூணு ஹின்ஜ் வைத்த பரவளைவை எடுத்து, பாதி நீளத்துக்கு மட்டும் லோடு வைத்து நீங்களே போட்டுப் பாருங்க. கால் பகுதிப் புள்ளியில் வரும் பெண்டிங் மொமெண்ட், எடை × நீளத்தின் வர்க்கம் ÷ 64. லோடு உள்ள பக்கம் இது நேர், மறுபக்கம் எதிர். அதே புள்ளியில் சாதாரண பீமாக இருந்தால் இதைப் போல நாலு மடங்கு வரும், அதனால் வளைவு இன்னும் லாபம்தான். ஆனா சமமான லோடில் பூஜ்யமாக இருந்த இடத்தில் இப்போ ஒரு மொமெண்ட் வந்து உட்கார்ந்திருக்கு. ரயில் நகர நகர அது பக்கம் மாறி மாறி வரும், ஒரு நாளைக்கு நூறு தடவை. அதனாலதான் பெரிய ரயில் வளைவுகளில் ஒற்றைக் குழாய் மாதிரி மெல்லிய வளைவு அபூர்வம். மேலும் கீழும் இரண்டு வளைகோடு போட்டு, நடுவில் குறுக்குச் சட்டங்கள் கோத்த ட்ரஸ் வளைவாகத்தான் இருக்கும். இது அழகுக்காக வந்த வடிவம் இல்ல, பாதி லோடு போட்ட உத்தரவு.

பிரேக் வேறு இருக்கு. ஓடுற ரயில் பாலத்தின் மேல் நின்றால் அந்த விசை நீளவாக்கில் பாலத்துக்குள் இறங்கும். வெயிலில் பாலம் ஒரு அளவு நீளும், அதன் மேல் வெல்ட் பண்ணிய தண்டவாளம் வேற மாதிரி நீளப் பார்க்கும். கார் டயர் இரண்டு விரல் இடைவெளியைத் தாண்டிப் போயிடும், டிரைவருக்கு ஒரு 'டப்' சத்தம் மட்டும் கேட்கும். ரயில் சக்கரத்துக்கு அந்த இடத்தில் தனியாக ஒரு விரிவு இணைப்பு செய்து கொடுக்கணும்.

ஆகவே ரோடும் ரயிலும் ஒரே வளைவில் என்றால் சரிவு, உறுதி, வளைவின் வடிவம் எல்லாத்தையும் ரயில்தான் தீர்மானிக்கும். ரோடு அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த மாதிரி.

சிட்னி

இந்தச் சேர்க்கையைப் பெரிய அளவில் செய்து காட்டிய பாலம் சிட்னி துறைமுகப் பாலம். சினிமாவில் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போன பாலம்தான். ஆனா அதன் திட்டம் போட்ட கதை சலிக்காது.

துறைமுகத்தின் வடகரையும் தென்கரையும் அந்தக் காலத்தில் படகை நம்பி இருந்தன. பாலம் வேணும்னு 1815-லேயே கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே சொன்னார். நூறு வருஷம் பேச்சாகவே போச்சு. 1912-ல் ஜே.ஜே.சி. பிராட்ஃபீல்ட் என்ற என்ஜினியரைப் பாலத்துக்கும் நகர ரயில் கட்டுமானத்துக்கும் சேர்த்துத் தலைமைப் பொறுப்பில் போட்டாங்க. அந்தச் 'சேர்த்து'தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். அவர் பாலத்தைத் தனியாக யோசிக்கவே இல்ல. நகருக்குள் சுரங்க மின்சார ரயில், அது வெளியே வந்து பாலத்தில் ஏறி வடகரைக்குப் போகணும், இதுதான் அவர் வரைபடம். 1924-ல் அவர் வாங்கின முனைவர் பட்டத்தின் ஆய்வும் நகர மின்சார ரயிலும் இந்தப் பாலமும் சேர்ந்ததுதான்.

முதலில் அவர் வைத்தது வளைவு இல்ல, கான்டிலீவர் பாலம். 1916-ல் அதற்கான மசோதா கீழவையில் தேறியது, மேலவையில் விழுந்தது. யுத்த காலத்தில் பணம் யுத்தத்துக்குன்னு சொல்லிட்டாங்க. யுத்தம் முடிஞ்சு 1922-ல் வெளிநாடு போய் நியூயார்க்கில் ஹெல் கேட் பாலத்தைப் பார்த்தார். குஸ்டாவ் லிண்டன்தால் வடிவமைத்து 1916-ல் முடிந்த, சுமார் 300 மீட்டர் கண் உள்ள எஃகு வளைவு. நாலு தண்டவாளம். பிராட்ஃபீல்ட் மனசு வளைவுக்கு மாறியது. சிட்னியின் இரண்டு கரையிலும் நல்ல மணற்பாறை. உதைப்பை வாங்கிக்க ஆள் இருக்கு. அந்த வருஷமே சட்டம் நிறைவேறியது.

டெண்டரில் ஆறு கம்பெனிகள், 20 திட்டங்கள். 1924-ல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவைச் சேர்ந்த டார்மன் லாங் ஜெயித்தது. அவங்க பக்கத்து டிசைன் ஆலோசகர் ரால்ஃப் ஃப்ரீமன். பிறகு 'டிசைன் யாருடையது' என்று ஃப்ரீமனுக்கும் பிராட்ஃபீல்டுக்கும் வெளிப்படையாகவே சண்டை வந்தது. நம்ம பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் யார் பேர் முதலில் வரணும்னு நடக்கும் சண்டையின் பெரிய வடிவம்தான்.

கண் 503 மீட்டர். உச்சி நீர்மட்டத்திலிருந்து 134 மீட்டர். கப்பலுக்காகக் கீழே 49 மீட்டர் திறந்த உயரம். தளத்தின் அகலம் 48.8 மீட்டர். அந்த அகலத்தில் நடுவில் ஆறு வண்டித் தடம், மேற்குப் பக்கம் இரண்டு ரயில் பாதை, கிழக்குப் பக்கம் இரண்டு டிராம் பாதை, ஓரத்தில் நடைபாதை. எல்லாமே ஒரே மட்டத்தில். மொத்த எஃகு 52,800 டன், அதில் 39,000 டன் வளைவில் மட்டும். சுமார் 60 லட்சம் ரிவெட். வளைவின் நாலு மூலையில் நாலு ஹின்ஜ். ஒவ்வொன்றிலும் சுமார் 20,000 டன் விசை இறங்கும். போட்டோவில் கம்பீரமாகத் தெரியுதே நாலு கருங்கல் கோபுரம், அதுக்கும் வளைவைத் தாங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. பார்க்கிறவங்களுக்குத் தைரியம் வரட்டும்னு நிறுத்தினது.

கால் இரண்டிலும் ஹின்ஜ் வைத்ததில் ஒரு நுணுக்கம் இருக்கு. 500 மீட்டர் எஃகை 30 டிகிரி சூடேற்றினால் சுதந்திரமாக விட்டால் 18 சென்டிமீட்டர் நீளும். வளைவின் கால் பாறையில் சிக்கியிருக்கு, நீள வழி இல்ல. ஹின்ஜில் திரும்பி உச்சி மேலே எழும்பும். சிட்னியில் வெயிலுக்கு உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரும் என்று கணக்கு. இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தது தற்செயல், மேலே சொன்னது நீளம், இது உயரம்.

கீழே கப்பல் போய்க்கிட்டே இருக்கும்போது எப்படிக் கட்டினாங்க? சாரம் கட்ட முடியாது. இரு கரையிலிருந்தும் பாதி பாதி வளைவை அந்தரத்தில் நீட்டிக்கிட்டே வந்தாங்க. ஒவ்வொரு பாதியையும் 128 எஃகு வடங்கள் பின்னால் பிடித்து, கரைப் பாறைக்குள் சுரங்கம் குடைந்து சுற்றி இழுத்து நிறுத்தின. கட்டும் கிரேன் வளைவின் முதுகிலேயே ஊர்ந்து முன்னேறியது. 1930 ஆகஸ்ட் 19 இரவு, வடங்களை மெல்லத் தளர்த்தி இரண்டு பாதியையும் தொட வைத்தாங்க. அந்த நொடி வரை அது வளைவே இல்ல, இரண்டு கான்டிலீவர். தொட்ட பிறகுதான் உதைப்பு பிறந்தது. தளத்தை அதன் பின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டாங்க.

1932 பிப்ரவரியில் சோதனை. 96 நீராவி என்ஜின்கள் வரை முட்ட முட்ட நிறுத்தி, நிறுத்தும் விதத்தை மாற்றி மாற்றி அளந்தாங்க. லாரி நிறுத்தி இந்த எடையைக் கொண்டுவரவே முடியாது. மார்ச் 19 திறப்பு விழா. வேலையில் 16 பேர் இறந்தாங்க. வாங்கின கடன் அடைய 1988 ஆச்சு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. கிழக்குப் பக்கத்து இரண்டு பாதையை பிராட்ஃபீல்ட் டிராமுக்காக மட்டும் விடல. பிற்காலத்தில் வடகரைக்கு இன்னொரு ரயில் லைன் வரும், அப்போ இது அதுக்கு ஆகும்னு ரயில் எடைக்கே கட்டி வைத்தார். அந்த லைன் வரவே இல்ல. 1958-ல் டிராமை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கி, இரண்டு வண்டித் தடமாக மாற்றிட்டாங்க. வின்யார்ட் ஸ்டேஷனின் அடியில் டிராம் வந்து போன சுரங்கம் கார் பார்க்கிங் ஆச்சு. எட்டுத் தடமும் பத்தாமல் 1992-ல் துறைமுகத்துக்கு அடியில் காருக்காகத் தனிச் சுரங்கம் தோண்டினாங்க. கடைசியில் 2024-ல் துறைமுகத்துக்கு அடியிலேயே மெட்ரோ ரயிலும் ஓட ஆரம்பித்தது. திறந்த தேதி ஆகஸ்ட் 19. வளைவின் இரண்டு பாதியும் தொட்ட அதே தேதி! ரயிலுக்காகக் கட்டிய தளம் மேலே கார் ஓட்டிக்கிட்டிருக்கு, கீழே ரயிலுக்குப் புதுசாகச் சுரங்கம். டிராமை எடுத்தது அந்த நாள் டிராஃபிக்குக்குச் சரியாகத் தெரிஞ்சிருக்கலாம். என் கணக்கில் அது தப்பான வியாபாரம்.

நம்ம நாட்டில் ஏன் இல்ல?

ரோடும் ரயிலும் சேர்ந்த பாலம் இந்தியாவில் நிறைய உண்டு. ஆனா பெரியதெல்லாம் வளைவு இல்ல, ட்ரஸ். ராஜமுந்திரியில் கோதாவரி மேல் 1974-ல் வந்த பாலத்தில் கீழே ஒற்றை ரயில் பாதை, மேலே ரோடு. அசாமில் திப்ரூகர் பக்கம் பிரம்மபுத்திரா மேல் 2018 டிசம்பர் 25-ல் திறந்த போகிபீல் பாலம் 4.94 கிலோமீட்டர், கீழே இரட்டைப் பாதை, மேலே மூணு தடம். கண்கள் பெரும்பாலும் 125 மீட்டர்.

காரணம் கரையில் இருக்கு. கோதாவரியும் பிரம்மபுத்திராவும் கிலோமீட்டர் கணக்கில் அகலம், அடியில் மணலும் வண்டலும். அங்கே ஒரு பெரிய வளைவின் உதைப்பை வாங்கிக்கப் பாறை கிடையாது. ட்ரஸ் தூணை நேராக மட்டும் அமுக்கும், பக்கவாட்டில் தள்ளாது. அதனால் ஆழக் கிணறு இறக்கி, தூண் நிறுத்தி, ட்ரஸ்ஸைத் தூக்கி வைத்துக்கிட்டே போகலாம்.

இருந்தாலும் அதே ராஜமுந்திரியில், அதே ஆற்றில், 1997-ல் வந்த ரயில் பாலம் முழுக்க வளைவுகள்தான்: 97.55 மீட்டரில் 28 கண். மணல் ஆற்றில் இது எப்படி? வில்லைப் பாருங்க. வில்லின் இரு முனையும் வெளியே விரியப் பார்க்கும், நாண் இழுத்துப் பிடிக்கும். வளைவின் இரண்டு காலையும் தளத்தின் மட்டத்திலேயே ஒரு கர்டரால் கட்டிட்டா உதைப்பு வெளியே வராது, தூணுக்குப் போவது நேர் எடை மட்டும். வில்நாண் வளைவு, நீங்க புத்தகத்தில் பார்த்த போஸ்ட்ரிங். ஆனால் அதன் மேல் ரயில் மட்டும்தான்.

பெரிய வளைவுக்குப் பாறை வேணும்னா மலைக்குத்தான் போகணும். ஜம்முவில் ரியாசி மாவட்டத்தில் செனாப் பாலம்: வளைவின் கண் 467 மீட்டர், ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம், மொத்த நீளம் 1,315 மீட்டர். இரு பாதியும் 2021 ஏப்ரலில் சேர்ந்தன, 2025 ஜூன் 6-ல் திறந்தாங்க. காற்று மணிக்கு 266 கிலோமீட்டர் அடித்தாலும் நிற்கணும்னு டிசைன். இதிலும் ரோடு கிடையாது. உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா ரயில் திட்டத்துக்காக மட்டும் கட்டியது. பதிமூணு கண் பாலத்தில் பார்த்த அதே கதைதான் இங்கேயும். பள்ளத்தாக்கைக் கண்டால் ரோடு சுற்றிப் போயிடும், ரயில் நேராகத் தாண்டணும்.

சேர்ந்தே இருக்கணுமா?

ஒரே பாலத்தில் இரண்டையும் விட்டால் அஸ்திவாரம் ஒன்று, வளைவு ஒன்று, செலவு மிச்சம். காகிதத்தில் இது ரொம்ப நியாயமாகத் தெரியும். இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கணும்.

ஒன்று, பாலத்துக்கு வரும் வழி. கீழே கப்பலுக்கு 49 மீட்டர் விடணும்னா, 30-க்கு 1 சரிவில் ரோடு 1,470 மீட்டரில் ஏறிடும். 100-க்கு 1 சரிவில் ரயிலுக்கு 4,900 மீட்டர் வேணும். இரண்டும் ஒரே மட்டத்தில் என்றால் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் மேம்பாதை, அதன் அடியில் போகும் வீடு, கடை, நிலம். பாலத்தின் மதிப்பீட்டில் சின்ன எழுத்தில் வரும் வரி இது. ஆனால் நிஜத்தில் ஆட்களை இடம்பெயர வைப்பது நடுவில் நிற்கும் வளைவு அல்ல, இந்த வழிதான். ரயிலைக் கீழ்த் தளத்திலும் ரோட்டை மேல் தளத்திலும் வைத்தால் ரயில் ஏற வேண்டிய உயரம் குறையும். இரண்டு அடுக்குப் பாலங்களில் ரயில் பெரும்பாலும் கீழே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஒன்று நின்றால் மற்றதும் நிற்குமா? பாம்பனை எடுங்க. 1914-லிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் பாலம் மட்டும்தான். 1964 புயலில் அது உடைந்தபோது தீவுக்கு வேறு பாலமே கிடையாது. 1988-ல் ரோட்டுப் பாலம் தனியாக வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் இல்ல, ஆனா பஸ் ஒரு நாளும் நிற்கல. நம்ம பாதையிலும் 2010-லிருந்து 2018 வரை ரயில் இல்லாத காலத்தில் 744-ல் லாரியும் சபரிமலை வண்டிகளும் ஓடிக்கிட்டே இருந்தன. கழுதுருட்டியில் ரோடும் ரயிலும் ஒரே வளைவில் போயிருந்தால், பாலத்தைப் பலப்படுத்தும்போது ரோட்டையும் மறித்திருக்கணும். ஆகவே கப்பல் போகும் ஆழமான நீர், பாறைக் கரை, இரு பக்கமும் நெருக்கமான ஊர், இந்த மூன்றும் ஒன்றாக அமையாத இடத்தில் இரண்டையும் ஒரே வளைவில் ஏற்ற நான் ஓட்டு போட மாட்டேன்.

அந்த மூன்றும் அமைந்த ஊர் ஒன்று சீனாவில் இருக்கு. சோங்சிங்: மலைநகரம், நடுவே யாங்சி, ஆற்றில் பெரிய கப்பல். அங்கே 2009-ல் சாவோதியன்மென் பாலம் திறந்தாங்க. எஃகு ட்ரஸ் வளைவு, கண் 552 மீட்டர், சிட்னியைவிட 49 மீட்டர் அதிகம். மேல் தளத்தில் ஆறு தடம் ரோடு. கீழ்த் தளத்தின் நடுவில் மெட்ரோவுக்கு இடம். திறந்த அன்று அந்த இடத்தில் ரயில் கிடையாது, லைனே இன்னும் வரல. டிராஃபிக் நெரிசலைக் காட்டி அதையும் வண்டிகளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் வைத்திருந்தாங்க. 2018 கடைசியில் சுற்றுவட்ட மெட்ரோ அந்தக் காலி இடத்தில் ஓட ஆரம்பித்தது.